அல்காரிதம், அதிகாரம், கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைத்துறையில் இருப்பவர்களும் தொழில்நுட்பக் கொள்கை பற்றி யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சார்பு இருக்கிறது. நடுநிலை என்ற பெயரில் அதை மறைக்கப் போவதில்லை.

அல்காரிதம் என்பது வெறும் கணக்குதானே? அதில் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

கணக்கு யார் மேல் போடப்படுகிறது, விடை பிசகினால் யார் தலையில் விடிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

2020-ல் கொரோனாவால் இங்கிலாந்தில் ஏ-லெவல் தேர்வுகள் நடக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது அந்த கிரேடுகளை வைத்துத்தான். தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பு ஒரு சூத்திரம் வகுத்தது. ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர்கள் தம் மாணவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தித் தர வேண்டும். அந்தப் பள்ளி அந்தப் பாடத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் என்னென்ன கிரேடுகள் வாங்கியது என்பதை எடுத்து, மாணவர்களின் பழைய மதிப்பெண்களைக் கொண்டு கொஞ்சம் சரிசெய்து, இந்த வரிசையின் மேல் பொருத்துவார்கள். உச்ச கிரேடு யாரும் வாங்கியிராத பள்ளியில் படிக்கும் கெட்டிக்காரப் பெண்ணுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்புதான். வகுப்பில் ஐந்து பேரோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் சூத்திரம் ஓடாது, ஆசிரியர் கொடுத்த கிரேடே நிற்கும். அப்படிப்பட்ட சின்ன வகுப்புகள் எங்கே அதிகம்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தபோது, ஆசிரியர்கள் மதிப்பிட்ட கிரேடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இறங்கியிருந்தன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 17-ம் தேதி அரசு பின்வாங்கியது.

கூட்டல் கழித்தலில் இங்கே தப்பு ஏதும் இல்லை. ஒட்டுமொத்த கிரேடுகள் முந்தைய ஆண்டுகளைவிட எகிறிவிடக் கூடாது என்பது இலக்கு, சூத்திரம் அதற்கு உண்மையாக இருந்தது. ஒரு மாணவிக்கு நியாயம் கிடைப்பதைவிடப் புள்ளிவிவரம் சீராக இருப்பது முக்கியம் என்பது ஓர் அரசியல் முடிவு. கணக்கின் உடையில் வந்ததால் முடிவு வெளியான பிறகுதான் பலருக்கும் அது உறைத்தது.

துல்லியத்தைக் கூட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். 2018-ல் ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. ஆய்வு வெளியான பிறகு நிறுவனங்கள் பிழையைக் குறைத்தன. நல்லதுதான். ஆனால் எல்லா நிற முகங்களையும் சமமாக அடையாளம் காணும் கேமராவை ஊர்வலத்தில் போகிறவரைக் குறித்துவைக்கப் பயன்படுத்தினால், அந்தச் சமத்துவத்தை யார் கேட்டார்கள்?

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரம் இன்னும் தெளிவான சாட்சி. மோசடி செய்யக்கூடியவர் யார் என்று வரித்துறையின் இடர் மதிப்பீட்டு மென்பொருள் ஊகித்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதது அதில் ஓர் அளவுகோலாக இருந்தது. பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டார்கள். படிவத்தில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் வாங்கிய மொத்தத் தொகையையும் திருப்பிக் கட்டு என்றார்கள். வீடு போனவர்கள் உண்டு, குடும்பம் சிதறியவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் அரசே ராஜினாமா செய்தது. அந்த மென்பொருள் இன்னும் துல்லியமாக இருந்திருந்தால் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும், அவ்வளவுதான். சின்னக் குறைக்கு முழுத் தண்டனை என்ற கடுமையும், 'நான் திருடவில்லை என்று நானே நிரூபிக்க வேண்டும்' என்ற நிலையும் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஆகவே ஒரு அமைப்பைப் பற்றி யாராவது பேசினால், துல்லியம் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன் நான் வேறொன்றைக் கேட்பேன்: இதன் முடிவை எதிர்த்து யாரிடம் போக வேண்டும், அவருக்கு அதை மாற்றும் அதிகாரம் உண்டா?

நடுவில் ஒரு மனிதரை வைத்துவிட்டால் போதாதா?

அந்த மனிதர் திரைக்கு எதிராகப் பேசத் துணிவாரா என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் தபால் துறையின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை, பெரும்பாலும் சிறு கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்திய 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக அதிகாரிகள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். வழக்கு தொடுத்தவர், நீதிபதி, நடுவர் குழு என்று வழியெங்கும் மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் கணினி ஒழுங்காக இயங்கியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்ற நிலைக்கு 1999-ல் வந்த சட்டத் திருத்தம் வழிவிட்டிருந்தது. மென்பொருளின் உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லாத ஒரு சிறு கடைக்காரர் எந்தக் காரணத்தைக் காட்டுவார்?

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 22-ம் பிரிவில், முழுக்க முழுக்க இயந்திரமே எடுக்கும் முக்கிய முடிவுகளிலிருந்து மக்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. 'முழுக்க முழுக்க' என்பதில்தான் ஓட்டை. கடைசியில் ஓர் ஊழியர் பொத்தானை அழுத்தினால் தப்பித்துவிடலாம் என்று பலர் எண்ணினார்கள். 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஷூஃபா வழக்கில் அந்த வழியைக் கொஞ்சம் அடைத்தது: ஒரு நிறுவனம் கணக்கிட்டுத் தரும் கடன் மதிப்பெண்ணை வங்கி பெரிதும் சார்ந்திருந்தால், அந்த மதிப்பெண்ணே ஒரு முடிவுதான் என்றது. எனக்குப் பிடித்த தீர்ப்பு அது. பொத்தானை அழுத்தும் கையைத் தாண்டி, அந்தக் கையை நகர்த்தியது எது என்று பார்த்தது.

இப்போதுதான் சட்டங்கள் வந்துவிட்டனவே?

வந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரி முதல் சில பயன்பாடுகளுக்கு அடியோடு தடை: குடிமக்களுக்குச் சமூக மதிப்பெண் போடுவது, இணையத்திலிருந்து முகப் படங்களைக் கண்டபடி அள்ளித் தரவுத்தளம் கட்டுவது, வேலையிடத்திலும் பள்ளியிலும் ஒருவரின் உணர்ச்சியை இயந்திரத்தால் ஊகிப்பது. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 7 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். பல்லுள்ள சட்டம்தான். அதே சமயம் ராணுவமும் தேசப் பாதுகாப்பும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. 'அதிக ஆபத்து' வகையில் பெரும்பாலானவற்றுக்கு விதிகளைப் பின்பற்றினேன் என்ற சான்றைத் தயாரிப்பாளரே தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் தாளில் இருப்பதற்கும் தரையில் இருப்பதற்கும் உள்ள தூரத்தை நியூயார்க் நகரத்தில் பார்க்கலாம். ஆட்களை வேலைக்கு எடுக்க அல்காரிதம் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுக்கொருமுறை பாரபட்சத் தணிக்கை செய்து வெளியிட வேண்டும் என்ற விதி 2023 ஜூலையிலிருந்து அமலாகிறது. ஆய்வாளர்கள் 391 நிறுவனங்களைப் பார்த்தபோது 18 மட்டுமே தணிக்கை அறிக்கை வெளியிட்டிருந்தன. மற்றவை எல்லாம் சட்டத்தை மீறின என்று சொல்ல முடியாது என்பதுதான் வேடிக்கை. தன் மென்பொருள் இந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்று முடிவெடுக்கும் பொறுப்பே அந்தந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

இதோடு ஒப்பிட்டால் ஆம்ஸ்டர்டாமும் ஹெல்சிங்கியும் 2020-ல் தொடங்கிய அல்காரிதம் பதிவேடு அடக்கமான வேலை. நகர நிர்வாகம் எந்த மென்பொருளை எதற்குப் பயன்படுத்துகிறது என்று யாரும் பார்க்கும்படி ஒரு பட்டியல். இருப்பதே தெரியாத ஒன்றை எதிர்க்க முடியாது, ஆகவே பட்டியல் வேண்டும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதற்குப் பட்டியலில் பதில் இல்லை.

நிறுவனங்களே நெறிமுறைக் குழு வைத்திருக்கின்றனவே?

கூகுள் 2019-ல் அறிவித்த வெளி ஆலோசனைக் குழு, உறுப்பினர் தேர்வு பற்றிய சர்ச்சையில் சுமார் ஒரு வாரத்தில் கலைக்கப்பட்டது. மின் அதிர்ச்சி கொடுக்கும் டேசர் துப்பாக்கியைத் தயாரிக்கும் ஆக்ஸானில், குழு எதிர்த்தும் ட்ரோனில் டேசர் பொருத்தும் திட்டத்தை 2022-ல் நிர்வாகம் அறிவித்தது. உறுப்பினர்களில் ஒன்பது பேர் விலகினார்கள். ஆலோசனை சொல்லலாம், தடுக்க முடியாது என்றால் அந்தக் குழுவின் கடைசி ஆயுதம் ராஜினாமா கடிதம்தான்.

சரி, இதில் கலைக்கு என்ன வேலை?

'விழிப்புணர்வு' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தச் சொல் எனக்கு அலுத்துவிட்டது. நல்ல படைப்புகள் அதைவிடக் குறிப்பான வேலை செய்கின்றன.

மிமி ஒனுவோஹா 2016-ல் செய்த ஒரு படைப்பைப் பாருங்கள். அலுவலகங்களில் இருக்குமே, அப்படி ஒரு கோப்பு அலமாரி. இழுப்பறையை இழுத்தால் வரிசையாகக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தலைப்பு. 'குற்றப் பதிவு இருப்பதால் அரசுக் குடியிருப்பில் இடம் மறுக்கப்பட்டவர்கள்' என்பது போன்ற தலைப்புகள். கோப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. யாரும் திரட்டாத தரவுகளின் நூலகம் அது. மனிதர்கள் வாங்கும் பொருள், பார்க்கும் விளம்பரம், நடக்கும் அடி என்று எல்லாவற்றையும் எண்ணும் காலத்தில், சிலவற்றை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் யாருக்குச் சங்கடம் என்ற கேள்வி, வெற்றுக் கோப்பைக் கையில் வைத்திருக்கும்போது தானாக வருகிறது. பாரபட்சமான தரவு பற்றி நூறு பக்க அறிக்கை எழுதலாம். இல்லாத தரவு பற்றி அறிக்கை எழுதுவது கடினம்.

இன்னொன்று பழையது. 1970-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் ஹாக்கே இரண்டு கண்ணாடிப் பெட்டிகளை வைத்தார். மேலே சுவரில் ஒரு கேள்வி: அதிபர் நிக்சனின் இந்தோசீனக் கொள்கையை (வியட்நாம் போரை) ஆளுநர் ராக்கஃபெல்லர் கண்டிக்காதது, வரும் தேர்தலில் அவருக்கு வாக்களிக்காமலிருக்க உங்களுக்குக் காரணமாகுமா? ஆம் என்றால் ஒரு பெட்டி, இல்லை என்றால் மற்றது. பார்வையாளர்கள் சீட்டைப் போடப் போட, எந்தப் பெட்டி நிரம்புகிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஆம் பெட்டியில் ஏறத்தாழ இரு மடங்கு சீட்டுகள் விழுந்தன. ராக்கஃபெல்லர் அந்த அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவர் என்பதுதான் சங்கதி. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ஒரு வீட்டு உரிமையாளர் கூட்டத்தின் சொத்துகளைப் பொது ஆவணங்களிலிருந்து எடுத்து, புகைப்படங்களோடு அவர் அடுக்கியபோது, குகன்ஹைம் அருங்காட்சியகம் கண்காட்சியையே ரத்து செய்தது. எல்லோருக்கும் திறந்திருந்த ஆவணங்கள்தான். அடுக்கிய விதம் தாங்கவில்லை.

இதை இன்றைய டேட்டா விவாதத்துக்கு முன்னோடி என்று நான் நினைக்கிறேன். தரவைச் சேகரிப்பவர், அதற்கு இடம் கொடுப்பவர், அதனால் சங்கடப்படுபவர் என்று எல்லோரையும் ஒரே அறையில் நிற்க வைத்தது அது.

கலையால் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா, இல்லை கைதட்டலோடு முடிந்ததா?

சில இடங்களில் மாறியிருக்கிறது. 2019-ல் ஆய்வாளர் கேட் கிராஃபோர்டும் கலைஞர் டிரெவர் பாக்லனும் ஒரு இணையக் கருவியை வைத்தார்கள். உங்கள் படத்தைப் போட்டால், கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க ஆய்வுலகில் பெரிதும் பயன்பட்ட இமேஜ்நெட் தரவுத்தொகுப்பின் வகைப்பாட்டின்படி நீங்கள் யார் என்று அது சொல்லும். சிலருக்கு வேலைப் பெயர், சிலருக்கு 'குற்றவாளி', சிலருக்கு அச்சில் ஏற்ற முடியாத இனவசை. லட்சக்கணக்கானோர் ஆடிப்பார்த்தார்கள், பலர் கொதித்துப்போனார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இமேஜ்நெட் குழு, தாங்கள் செய்துவந்த சீரமைப்பின் பகுதியாக மனிதர்கள் பிரிவிலிருந்து சுமார் 6 லட்சம் படங்களை நீக்கப்போவதாகச் சொன்னது.

கலைஞர் ஆடம் ஹார்வியின் வேலை இன்னும் பொறுமையானது. முக அடையாளத் தரவுத்தொகுப்புகளில் யார் படங்கள் இருக்கின்றன, அவை யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன என்று ஆய்வுக் கட்டுரைகளைத் துருவித் துருவித் தேடினார். சுமார் ஒரு லட்சம் பேரின் ஒரு கோடிப் படங்கள் கொண்ட மைக்ரோசாஃப்ட் தொகுப்பும், வளாகத்தில் நடந்துபோன மாணவர்களைப் படம்பிடித்த டியூக் பல்கலைக்கழகத் தொகுப்பும் 2019-ல் இணையத்திலிருந்து இறக்கப்பட்டன.

ஆனால் இறக்கப்பட்ட தொகுப்புகளின் நகல்கள் தொடர்ந்து சுற்றின, அவற்றை வைத்துக் கட்டுரைகளும் வந்துகொண்டிருந்தன. மூலத்தை நீக்கினாலும் ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாதிரியில், அதாவது ஏஐ மாடலில், அதன் தடம் இருக்கும். அந்த இடத்துக்கு மேல் கலைஞரால் ஒன்றும் செய்ய முடியாது, சட்டம்தான் வர வேண்டும்.

தொழில்நுட்ப நிறுவனங்கள் கலைஞர்களுக்குப் பணமும் கருவியும் தருகின்றன. வாங்கலாமா?

வாங்குவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். 1966-ல் பெல் லேப்ஸ் என்ற தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தின் பொறியாளர்கள் சுமார் 30 பேர் பத்துக் கலைஞர்களோடு சேர்ந்து நியூயார்க்கில் நடத்திய ஒன்பது இரவு நிகழ்ச்சிகளிலிருந்து எத்தனையோ விஷயங்கள் கிளைத்தன. வாடகை கட்ட வேண்டிய கலைஞரிடம் தூய்மைவாதம் பேசுவது எளிது.

பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தை. 2024 நவம்பரில், ஓபன்ஏஐ-யின் சோரா காணொளிக் கருவியை முன்கூட்டியே சோதிக்க அழைக்கப்பட்ட கலைஞர்களில் சிலர், அதை யாரும் பயன்படுத்தும்படி வெளியே திறந்துவிட்டார்கள். கூடவே ஒரு பகிரங்கக் கடிதம். நூற்றுக்கணக்கானோர் கூலியில்லாமல் பிழை கண்டுபிடித்துத் தருகிறோம், நாங்கள் செய்ததை வெளியிட நிறுவனத்தின் அனுமதி வேண்டும், எங்கள் பெயரைக் காட்டிக் கருவிக்கு நல்ல பெயர் வாங்குகிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. பங்கேற்பது அவரவர் விருப்பம், கருத்துச் சொல்லும் கட்டாயம் இல்லை என்று நிறுவனம் சொன்னது. சில மணி நேரத்தில் அணுகல் நிறுத்தப்பட்டது.

கையெழுத்துப் போடுமுன் நான் பார்க்கச் சொல்வது இரண்டு வரிகளை: கருவியை விமர்சித்து வெளிப்படையாகப் பேச முடியுமா, செய்ததை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிட முடியுமா. இரண்டுக்கும் இல்லை என்றால் அது விளம்பர வேலை. விளம்பர வேலைக்கு உரிய சம்பளம் கேளுங்கள்.

என் படங்களை எடுத்து ஏஐக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தடுக்க முடியுமா?

ஏற்கெனவே எடுத்ததை மீட்பது ஏறக்குறைய இயலாது. 2022-ல் வெளியான லயன்-5பி தொகுப்பில் மட்டும் 585 கோடி படங்களின் முகவரிகளும் விளக்கங்களும் இருந்தன. அதை வைத்துப் பயிற்சி பெற்ற மாதிரிகள் பல கைகள் மாறிவிட்டன.

இனிமேல் எடுப்பதைத் தடுக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ம் ஆண்டு பதிப்புரிமை ஆணை ஒரு வழி தருகிறது. இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் 'என் படைப்பை எடுக்காதே' என்று உரிமையாளர் அறிவிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் படம் உங்கள் தளத்தில் மட்டுமா இருக்கிறது? யாரோ பகிர்ந்திருப்பார்கள், விற்பனைத் தளம் ஒன்று சிறிய நகலை வைத்திருக்கும். அங்கெல்லாம் உங்கள் பலகை தொங்காது. மறுக்கும் சுமையை இழப்பவர் தலையில் வைக்கும் விதி எனக்கு ஒப்பாது. கேட்டு வாங்குகிற சுமை எடுக்கிறவருக்கு இருக்க வேண்டும்.

தற்காப்புக் கருவிகளும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பென் ஜாவோவின் குழு உருவாக்கிய கிளேஸ், படத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றங்களைச் செய்து, உங்கள் பாணியை ஏஐ கற்றுக்கொள்வதைக் குழப்பும். அதே குழுவின் நைட்ஷேட் ஒரு படி மேலே போய், எடுத்தவரின் மாதிரியையே கெடுக்கப் பார்க்கும். பயன்படுத்துங்கள், ஆனால் நிரந்தரப் பூட்டு என்று நம்பாதீர்கள். இதை உடைக்கும் வேலையும் நடந்துகொண்டே இருக்கும்.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன? ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கின்றன. 2025 நவம்பர் 4-ல் லண்டன் உயர் நீதிமன்றம், கெட்டி இமேஜஸ் என்ற படக் கிடங்கு நிறுவனம் ஓர் ஏஐ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், பயிற்சி பெற்ற மாதிரி என்பது படங்களைச் சேமித்து வைத்திருக்கவில்லை, ஆகவே அதுவே ஒரு திருட்டு நகல் ஆகாது என்றது. ஒரே வாரத்தில், நவம்பர் 11-ல், மியூனிக் நீதிமன்றம், கெமா என்ற இசை உரிமை அமைப்பு ஓபன்ஏஐ மீது தொடுத்த வழக்கில், பாடல் வரிகள் மாதிரிக்குள் மனப்பாடமாகப் பதிந்திருப்பதே நகலெடுப்புதான் என்றது. அமெரிக்காவில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீதான வழக்கில், முறையாக வாங்கிய புத்தகங்களால் பயிற்சி கொடுப்பது நியாயமான பயன்பாடு, திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கி நூலகம் சேர்த்தது அப்படியல்ல என்று 2025 ஜூனில் தீர்ப்பு. பிறகு 150 கோடி டாலருக்குச் சமரசம், புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர்.

ஏஐ வரைந்த படத்துக்கு உரிமையாளர் யார்?

அமெரிக்காவில், மனிதப் படைப்பாளி இல்லாமல் பதிப்புரிமை இல்லை. தன் கணினி உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கேட்ட ஸ்டீஃபன் தேலரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025 மார்ச்சில் இதை உறுதிசெய்தது. மனிதரின் பங்கு இருந்தால் அந்தப் பங்குக்கு மட்டும் உண்டு: 2023-ல் ஒரு சித்திரக்கதையில் எழுத்துக்கும் படங்களை அடுக்கிய விதத்துக்கும் பதிவு கிடைத்தது, மிட்ஜர்னி உருவாக்கிய படங்களுக்குக் கிடைக்கவில்லை.

சந்தை சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. 2018-ல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில், 7,000 முதல் 10,000 டாலர் போகும் என்று மதிப்பிட்ட ஓர் அல்காரிதம் ஓவியம் 4,32,500 டாலருக்குப் போனது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சூத்திரம் அச்சாகியிருந்தது. ராபி பராட் என்ற இளைஞர் இணையத்தில் பகிர்ந்த கணினி நிரல் அதில் பயன்பட்டிருந்தது. ஏலப் பணத்தில் அவருக்குப் பங்கில்லை.

அப்படியானால் பதிப்புரிமையை இறுக்கினால் போதுமா?

எனக்குச் சந்தேகம்தான். பதிப்புரிமை பெரும்பாலும் இசை நிறுவனங்கள், பதிப்பகங்கள், படக் கிடங்குகள் கையில் இருக்கிறது. அவை ஏஐ நிறுவனங்களோடு உரிம ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் வழக்கு முடியும், வரைந்தவர் கையில் என்ன வந்து சேரும் என்பது வேறு கதை.

இதுவரை உருப்படியாக எதையாவது வாங்கித் தந்தது கூட்டுப் பேரம். ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிடைத்தவை: ஏஐ எழுதியதை இலக்கியப் படைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, எழுத்தாளரை ஏஐ பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏஐ உருவாக்கியதைக் கையில் கொடுத்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கவனியுங்கள், எழுத்தாளர் விரும்பினால் நிறுவனத்தின் சம்மதத்தோடு பயன்படுத்தலாம். தொழில்நுட்பத்துக்குத் தடை போடவில்லை, முடிவெடுப்பது யார் என்பதை மாற்றினார்கள். நடிகர்கள் 118 நாள் நின்று, தங்கள் டிஜிட்டல் நகலை உருவாக்க ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள்.

சங்கம் இல்லாத ஓவியர், இன்னொரு நாட்டிலிருந்து கூலிக்கு வரைபவர் ஆகியோருக்கு இந்தக் கவசம் இல்லை. சாட்பாட்டுக்கு ஆபாசத்தையும் வன்முறையையும் அடையாளம் காட்டக் கென்யாவில் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலிக்கு அவற்றைப் படித்துக் குறித்தவர்களுக்கும் இல்லை. அந்தச் செய்தி 2023-ல் வெளியானது. கலைஞர்களின் உரிமை பற்றிய கூட்டங்களில் இவர்கள் பெயர் அரிதாகத்தான் வருகிறது. வர வேண்டும்.

பாட்டைப் பரிந்துரைப்பதைக்கூட 'ஆளுகை' என்பது மிகையல்லவா?

யாருக்குக் கூலி, எந்த விதியின்படி என்று தீர்மானிக்கும் எதுவும் ஆளுகைதான். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்பட்டிருக்காவிட்டால் அதற்கு ராயல்டி கணக்கே கிடையாது. போலிப் பாடல்களைத் தடுக்கவும் சில்லறைத் தொகைகள் சிதறாமல் இருக்கவும் என்பது அவர்கள் காரணம். இன்னொரு வசதியில், குறைந்த ராயல்டிக்கு ஒப்புக்கொண்டால் பரிந்துரையில் உங்கள் பாட்டுக்கு முன்னுரிமை கிடைக்க வாய்ப்பு கூடும். கேட்பவர் தன் ரசனைக்கு வந்த பரிந்துரை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்த விதிகளுக்கு இசைக்கலைஞர்கள் யாரும் வாக்களிக்கவில்லை. ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள பெரிய தளங்கள் தனிப்பட்ட தகவலைச் சாராத ஒரு பரிந்துரை வழியையாவது தர வேண்டும் என்கிறது. பயனருக்கு நல்லது. பட்டியலில் இடம் தேடும் கலைஞருக்கு அது ஒன்றும் செய்யாது.

என் படைப்பைத் தளம் தானாக நீக்கிவிட்டது. இது அடிக்கடி நடக்கிறதா?

ஆம், சில சமயம் சிரிப்பு வரும் அளவுக்கு. செபாஸ்டியன் டொம்சாக் என்ற இசைக்கலைஞர் பத்து மணி நேரம் ஓடும் வெறும் இரைச்சலைத் தானே உருவாக்கி யூடியூபில் போட்டிருந்தார். 2018-ல் பார்த்தால் அதன் மேல் ஐந்து பதிப்புரிமைக் கோரிக்கைகள். ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமையான வில்லண்டார்ஃப் பெண் சிற்பத்தின் படத்தை ஆபாசம் என்று ஃபேஸ்புக் நீக்கியதும், வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கொதித்ததும், ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டதும் அதே காலத்தில்தான்.

சிரிக்க முடியாதவையும் உண்டு. 2017-ல் தீவிரவாதக் காணொளிகளைக் களைய யூடியூப் புகுத்திய இயந்திர முறை, சிரியப் போர்க் கொடுமைகளை ஆவணப்படுத்திய ஆயிரக்கணக்கான காணொளிகளையும் சேர்த்து வாரியது. எடுத்தவர்களில் சிலர் உயிரோடு இல்லை. அந்தக் கணக்குகளுக்காக யார் முறையிடுவது?

உங்களுக்கு நடந்தால்: முறையீடு செய்யுங்கள், திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள், மூலக் கோப்பைத் தளத்துக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருங்கள். கடைசியில் சொன்னதை முதலில் செய்யுங்கள்.

எங்கள் கலை அமைப்புக்கு வரும் நிதி விண்ணப்பங்களை வடிகட்ட ஒரு மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

எந்தப் பழைய முடிவுகளைப் பார்த்து அது கற்றது என்று முதலில் கேளுங்கள். உங்கள் அமைப்பு பத்து ஆண்டுகளாக யாருக்கு நிதி கொடுத்ததோ, அவர்களைப் போன்றவர்களையே அது தேடும். ஏ-லெவல் சூத்திரத்தில் நடந்ததும் இதுதான். யாருக்கும் பழக்கமில்லாத வடிவத்தில் வேலை செய்கிறவர், விண்ணப்பம் எழுதத் தெரியாதவர், வேறு மொழியில் யோசிக்கிறவர் முதல் சல்லடையிலேயே போய்விடுவார்கள். அவர்கள் போனது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அப்புறம் இவை: நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் போகுமா? அவர் மறுபரிசீலனை கேட்டால், மதிப்பெண்ணைப் பார்க்காமல் விண்ணப்பத்தை மட்டும் படிக்க ஒருவருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா? விண்ணப்பங்களில் உள்ள படங்களும் எழுத்தும் விற்பவரின் அடுத்த மாதிரிக்குப் பயிற்சியாகப் போகுமா? மென்பொருளை நிறுத்தும் அதிகாரம் உங்கள் குழுவில் யாரிடம் இருக்கிறது, அவர் பெயர் ஒப்பந்தத்தில் உண்டா?

விண்ணப்பங்கள் சில நூறுதான் என்றால் வாங்காதீர்கள். மூன்று பேரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் வருகின்றன என்றால், தகுதி பார்த்த பிறகு குலுக்கல் முறையைப் பரிசீலிக்கலாம். சில நாடுகளின் ஆய்வு நிதி அமைப்புகள் அதைப் பயன்படுத்துகின்றன. குலுக்கலில் தோற்றவருக்குத் தன் படைப்பு மட்டமானது என்று யாரும் மதிப்பெண் போட்டு அனுப்புவதில்லை. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கத் தயக்கமும் இருக்காது.